உப்புக்காற்றில் ஒரு வீட்டுத் திரையரங்கம்

கேம் கன்சோலை வைத்து வீட்டில் நல்ல திரையரங்கம் அமைக்க எதை மேம்படுத்த வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் விடை எண்களாகவே வரும்: 4கே, எச்டிஆர், 120 ஹெர்ட்ஸ், 48 கிகாபிட். இவை சரியான எண்கள்தான். ஆனால் மின்சாரம் நிற்காது, அறையில் ஏசி ஓடும், இணையம் எந்நேரமும் வரும், கெட்டுப்போனால் நகருக்குள்ளேயே பழுது பார்ப்பவர் கிடைப்பார் என்ற நான்கு நம்பிக்கைகளின் மேல் நின்று சொல்லப்படுபவை. இந்த நான்கும் இல்லாத இடத்தில் அதே கேள்விக்கு விடை என்னவாக இருக்கும்? கார் நிக்கோபாரை வைத்து இதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

போர்ட் பிளேருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கி.மீ. தள்ளி, 127 சதுர கி.மீ. பரப்பில் தட்டையாகக் கிடக்கும் பவளத் தீவு அது. நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 17,841. பெரும்பான்மையினர் நிக்கோபாரிகள். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், விமானப்படைத் தளத்துக் குடும்பங்கள் எனப் பெருநிலத்திலிருந்து வந்து வாழ்கிறவர்களும் உண்டு. அவர்களில் தமிழர்களும் அடக்கம். வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாத பகுதி. எதை வாங்கினாலும் கப்பலிலோ விமானத்திலோதான் வந்து சேர வேண்டும். படம் பார்ப்பது என்றால் அங்கே பெரும்பாலும் வீட்டில் பார்ப்பதுதான். அதனால் வீட்டுத் திரையரங்கம் அங்கே பணக்காரரின் பொழுதுபோக்கு ஆகிவிடாது. இருக்கிற ஒரு டிவியையும் பிள்ளைகளுக்காக வாங்கிய கன்சோலையும் வைத்துக் குடும்பம் முழுவதும் நன்றாகப் படம் பார்க்க வழி இருக்கிறதா என்பதே கேள்வி.

கன்சோல் படம் காட்டத் தொடங்கிய கதை

2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 தான் இந்தப் பாதையைத் திறந்தது. டிவிடி பிளேயர் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், விளையாட்டுக் கருவிக்குள் டிவிடியும் ஓடும் என்பது பல வீடுகளில் அதை வாங்குவதற்கான காரணமாக இருந்தது. 2001-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த முதல் எக்ஸ்பாக்ஸிலும் டிவிடி ஓடும். ஆனால் அதற்கென்று ரிமோட் தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டும். ஆர்வலர்கள் அதைத் திறந்து பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டி, எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்ற மென்பொருளைத் தாங்களே எழுதி ஏற்றினார்கள். 733 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 எம்பி நினைவகம், அவ்வளவுதான் அந்தக் கருவி. அதில் வீட்டிலுள்ள பாட்டு, படம், புகைப்படம் எல்லாம் ஒரே திரையில் வரிசையாக வந்து நின்றன. அந்த மென்பொருள்தான் 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. அதிலிருந்து 2008-ல் பிரிந்த கிளைதான் பிளெக்ஸ். இன்று உலகெங்கும் வீட்டுத் திரையரங்கக்காரர்கள் பயன்படுத்தும் இரண்டு பெரிய மென்பொருள்களுக்கும் தாய்வீடு ஒரு கேம் கன்சோல் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

2006-ல் பிளேஸ்டேஷன் 3. அன்றைக்குத் தனி ப்ளூரே பிளேயர்களில் பலவற்றைவிட அதன் விலை குறைவு. எச்டி டிவிடி, ப்ளூரே என்ற இரண்டு வட்டுகளுக்கும் நடந்த போட்டியில் 2008 பிப்ரவரியில் தோஷிபா விலகிக்கொண்டதற்கு இந்தக் கருவி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்ததும் ஒரு காரணம். 2010-ல் வெறும் மென்பொருள் புதுப்பிப்பால் முப்பரிமாண ப்ளூரேவும் அதில் ஓடத் தொடங்கியது. வாங்கிய பிறகும் வளர்கிற பெட்டி என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. நம் பக்கத்தில் சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் கன்சோல் வாங்கியவர்கள் கூடவே 2.5 அங்குல லேப்டாப் ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் வாங்கிப் போனது இந்தக் காலத்தில்தான். அடிப்பக்கத்து அல்லது பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒரு திருகை எடுத்தால் டிஸ்கை மாற்றிவிடலாம். சோனியே அதற்கு அனுமதித்திருந்தது.

இன்றுள்ள பெட்டிகள் படத்துக்கு எப்படி?

இங்கே விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் வேறுபாடுகள் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. பிளேஸ்டேஷன் 4-ம், 4கே என்று சொல்லி 2016-ல் விற்கப்பட்ட 4 ப்ரோவும் 4கே ப்ளூரே வட்டை ஓட்டாது, சாதாரண ப்ளூரேதான். அதே 2016-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் 4கே வட்டை ஓட்டியது. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ன் வட்டு மாதிரியும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் ஓட்டுகின்றன. ஆனால் 4கே வட்டில் உள்ள டால்பி விஷன் என்னும் எச்டிஆர் வகையை இரண்டுமே காட்டுவதில்லை, எச்டிஆர்10 மட்டும்தான். ஸ்ட்ரீமிங்கில் எக்ஸ்பாக்ஸ் டால்பி விஷன் தரும். பிளேஸ்டேஷன் அதையும் தராது. பிளேஸ்டேஷன் 5 முப்பரிமாண ப்ளூரேவையும் கைவிட்டுவிட்டது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் இரண்டிலும் வட்டு போடும் இடமே இல்லை.

இதில் தீவுக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. 2023-ல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-ல் வட்டு இயக்கியைக் கழற்றி மாட்டலாம். பின்னாளில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால் மாட்டியதும் அதைக் கன்சோலோடு இணைத்துப் பதிவுசெய்ய இணையம் வேண்டும். ஒருமுறை போதும் என்றாலும், அந்த ஒருமுறை இணைப்பு கிடைக்கும் நாளில் அதைச் செய்து முடித்துவிட வேண்டும். 2024 நவம்பரில் வெளியான 5 ப்ரோவோ அப்போது இந்தியாவுக்கு வரவில்லை. அதிலுள்ள வைஃபை 7-க்குத் தேவையான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதே சோனி சொன்ன காரணம். படம் பார்ப்பவருக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. அதோடு வட்டு இயக்கி வராது, கூடுதல் வலிமை முழுக்க விளையாட்டுக்கானது.

முதல் மேம்பாடு மின்சாரத்தில்

கார் நிக்கோபார் எந்தப் பெரிய மின்தொகுப்போடும் இணைந்ததல்ல. முக்கியமாக டீசல் ஜெனரேட்டர்களை நம்பித் தனியே இயங்கும் சிறிய மின்வலை அது. இத்தகைய வலையில் ஒரு பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினாலோ, ஒரு ஜெனரேட்டரை நிறுத்தி இன்னொன்றை ஓட்டினாலோ, அந்த அசைவு வீட்டு பிளக் வரை வந்து சேரும். சென்னையில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும் ஆட்டம் இங்கே கரையாது.

பலர் உடனே ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். கன்சோலுக்கும் புதிய டிவிக்கும் அது அவ்வளவு தேவையில்லை. அவற்றிலுள்ள மின்வழங்கி தாழ்ந்த வோல்டேஜையும் ஓரளவு உயர்ந்ததையும் தானே சமாளித்துக்கொள்ளும். அந்த மின்வழங்கியால் சமாளிக்க முடியாதவை இரண்டு: கண்ணிமைக்கும் நேரத்தில் பாயும் உயர் அழுத்தம், திடீர் நிறுத்தம். முதலாவதற்கு நல்ல சர்ஜ் புரொடெக்டர். இரண்டாவதற்கு யுபிஎஸ். ஸ்டெபிலைசர் வேண்டியிருப்பது பழைய ஏவி ரிசீவருக்கும் ஆம்பிளிஃபயருக்கும்தான், ஏனென்றால் அவற்றில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை நம்பி உட்கார்ந்திருக்கிறது. கையில் இருக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை இந்த வேறுபாடு தெரிந்தால் தீர்மானிக்கலாம்.

திடீர் நிறுத்தம் ஏன் மோசமானது? கன்சோல் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறையே சிதையலாம். மறுபடி இயக்கியதும் ‘தரவுத்தளத்தைச் சீர்செய்கிறோம்’ என்று திரையில் வரும். சில வேளைகளில் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். ஒரு விளையாட்டு 50 முதல் 100 ஜிபி. தீவின் இணையத்தில் அதை இரண்டாம் முறை இறக்குவது யாருக்கும் பிடித்தமான வேலையல்ல. ஒரு 600 விஏ யுபிஎஸ் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும், முறையாக நிறுத்திவிடலாம். சதுர அலை தரும் மலிவு யுபிஎஸ்ஸைத் தவிர்த்து சைன் அலை தருவதை வாங்குவது நல்லது.

முழுப் படத்தையும் மின்தடையிலும் பார்க்க வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 55 அங்குல டிவி, ரிசீவர், படம் ஓட்டும் கன்சோல் மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெயரளவில் 1,800 வாட்-மணி இருக்கும். இழப்புகளும் பேட்டரி ஆயுளுக்காக விட்டுவைப்பதும் போக 1,100 அளவுதான் கைக்கு வரும். அதாவது ஒரு நீளமான தமிழ்ப் படம் பார்த்து முடிக்கலாம், இரண்டாவது ஓடாது. அதே பேட்டரியில் 43 அங்குல டிவி, சவுண்ட்பார், ஐந்து வாட்டுக்குள் ஓடும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்று வைத்தால் இரவு முழுக்கப் பார்க்கலாம். பிளேஸ்டேஷன் 5 விளையாடும்போது 200 வாட் வரை இழுக்கும். படம் ஓட்டும்போது அதைவிடக் குறைவுதான், ஆனாலும் ஸ்டிக்கோடு ஒப்பிடும் அளவுக்குக் குறையாது. கன்சோலை வீட்டுத் திரையரங்கத்துக்குச் சிறந்த கருவி என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்க விரும்புவது, அவர் வீட்டு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

இன்னொரு சேதாரம் பலர் அறியாதது. கன்சோலின் எச்டிஎம்ஐ முனை எரிந்துபோவதற்கு மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. கூரை மேலுள்ள டிடிஎச் தட்டிலிருந்து வரும் கேபிள் வழியாக இடி நேரத்து மின்னழுத்தம் செட்டாப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும், டிவியிலிருந்து கன்சோலுக்கும் போகும். கன்சோலின் பிளக்கை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் எச்டிஎம்ஐ வயரைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வெளியே கிளம்பும்போது தட்டுக் கேபிளையும் திருகிக் கழற்றிவிட வேண்டும். எச்டிஎம்ஐயைச் செருகும்போது இரண்டு கருவிகளின் பிளக்கையும் எடுத்துவிட்டுச் செருகுவது நல்ல பழக்கம். இரண்டு முனை பிளக் கருவிகளுக்கு எர்த் கிடையாது. அவற்றின் உலோகப் பகுதிகளுக்கிடையே நிற்கும் சிறு மின்னழுத்தம் தொடும் கணத்தில் அந்த நுண்ணிய முனைகள் வழியே பாய்கிறது.

இரண்டாவது எதிரி காற்று

கடலோரத்தில் சில ஆண்டுகள் இருந்த கன்சோலைத் திறந்து பார்த்தால் விசிறி இலைகளின் ஓரத்தில் தூசு மாவாக இல்லாமல் பசையாக ஒட்டியிருக்கும். உள்நாட்டில் ஊதினால் பறக்கிற தூசு இங்கே உப்பு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. யுஎஸ்பி முனையின் தகர உறையில் முதலில் பழுப்புப் புள்ளி விழும். தங்கமுலாம் பூசிய எச்டிஎம்ஐ பல்கள் துருப்பிடிக்காது. ஆனால் பளபளப்பு மங்கி, ஒரு நாள் திரை வந்து வந்து போகும். கேபிள் கெட்டுவிட்டது என்று புதிது வரவழைப்பதற்கு முன்னால், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான தூரிகையில் தொட்டு அந்த முனையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பாதிக் கோளாறு அதிலேயே தீரும்.

பிளேஸ்டேஷன் 5-ன் பக்க மூடியைத் திருகு இல்லாமலே கழற்றலாம். உள்ளே தூசு சேர்வதற்கென்றே இரண்டு துளைகள் உண்டு. வாக்குவம் கிளீனரால் அவற்றை உறிஞ்சி எடுக்கலாம். கடலோர வீட்டில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். ஆனால் வெப்பக்கடத்திப் பலகையைக் கழற்றிச் சுத்தம் செய்யத் துணியக் கூடாது. அந்தக் கன்சோலில் செயலிக்கு மேலே சாதாரண பேஸ்ட் இல்லை, திரவ உலோகம் இருக்கிறது. சிறிது வழிந்து பக்கத்துப் பாகங்களில் பட்டாலே பலகை போய்விடும்.

அந்தக் கன்சோல் இயங்க ஏற்ற வெப்பம் 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று சோனி சொல்கிறது. கார் நிக்கோபாரின் பகல் 30-ஐ ஒட்டியது. டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வைத்தால் உள்ளே 35-ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது. திறந்த மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதற்குச் செலவே இல்லை. பலனோ எந்த உதிரிபாகத்தைவிடவும் அதிகம்.

ஈரப்பதத்துக்கு மருந்து பயன்பாடுதான். தினமும் சிறிது நேரம் ஓடும் கருவி தன் வெப்பத்தாலேயே உள்ளீரத்தை வெளியேற்றிக்கொள்ளும். விடுமுறைக்குப் பெருநிலம் போகிறவர்கள் திரும்பி வந்து இயக்கும்போதுதான் கோளாறுகள் வெளிப்படுகின்றன. நீண்ட நாள் ஊரில் இல்லாவிட்டால் கன்சோலையும் ஹார்ட் டிஸ்கையும் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துப் பூட்டிப் போகலாம். வட்டுகள் ஈரத்தைத் தாங்கும். அட்டையில்தான் பூஞ்சை பிடிக்கும். வட்டைப் படிக்கும் லென்ஸில் படலம் படர்ந்தால் படம் திக்கித் திக்கி ஓடும்.

வரும் படமும் இருக்கும் படமும்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளம். போர்ட் பிளேரைத் தாண்டி அது தொடும் தீவுகளில் கார் நிக்கோபாரும் ஒன்று. அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோள் வழியே வந்தது. 36,000 கி.மீ. மேலே போய்த் திரும்பும் தாமதமும், பலர் பங்கிட்டுக்கொண்ட குறுகிய பாதையும் சேர்ந்து, வீடியோ பார்ப்பதே பொறுமைச் சோதனையாக இருந்த காலம் அது. கேபிள் வந்தது தீவுக்கு நேர்ந்த பெரிய நன்மை. இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஆனால் திரையரங்கத்தை முழுவதுமாக அந்தக் கேபிளை நம்பி அமைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம், கன்சோலில் உள்ள நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் போன்ற செயலிகள் படத்தை இறக்கி வைத்துப் பிறகு பார்க்க விடுவதில்லை. கைபேசியில் கிடைக்கும் அந்த வசதி கன்சோலில் கிடையாது. ஒரு டெராபைட் இடம் காலியாக இருந்தாலும் ஒரு படத்தைக்கூட அதில் சேமிக்க முடியாது. இணைப்பு நின்றால் திரையும் நின்றுவிடும். கடலடிக் கேபிள் எங்காவது அறுந்தால் பழுதுபார்க்கும் கப்பல் வர நாளாகும். இன்னொன்று: தமிழ்ப் படங்கள் வரும் எல்லாத் தளங்களுக்கும் கன்சோலில் செயலி இருக்காது. டிவியிலேயே இருக்கும் செயலி கன்சோலில் இல்லாமல் போகலாம். வாங்கும் முன்னே தேடிப் பார்த்துவிட வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5-க்கு எம்.2 எஸ்எஸ்டி மாட்டுவது இன்று எல்லோரும் பரிந்துரைக்கும் மேம்பாடு. 2021 செப்டம்பரில் சோனி அந்த இடத்தைத் திறந்துவிட்டது. வினாடிக்கு 5,500 எம்பி படிக்கும் வேகம், மேலே வெப்பத்தகடு, எல்லாம் சேர்த்து 11.25 மி.மீ. தடிப்புக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. விளையாட்டுகளுக்கு அது அருமை. வீட்டுத் திரையரங்கத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. படத்துக்காக இந்தச் செலவைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன்.

சேமித்து வைத்த கோப்புகளைக் கன்சோலில் ஓட்ட நினைப்பவருக்குப் பழைய பெட்டிகள் இன்னும் கை கொடுக்கின்றன. பிளேஸ்டேஷன் 4-ல் 2015-ல் வந்த மீடியா பிளேயர் செயலி யுஎஸ்பி டிஸ்கிலிருந்து எம்கேவி, எம்பி4 கோப்புகளை ஓட்டும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் இருக்க வேண்டும், கணினியில் வழக்கமான என்டிஎஃப்எஸ் அதற்குப் புரியாது. பிளேஸ்டேஷன் 3-க்கு ஃபேட்32 மட்டுமே. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எம்கேவியும் ஓடாது. எக்ஸ்பாக்ஸில் விஎல்சியும் கோடியும் உண்டு. ஊர்த் திருவிழா, பிள்ளைகளின் பிறந்தநாள், கால்பந்து ஆட்டம் என்று சொந்தமாக எடுத்த படங்களைப் பெரிய திரையில் குடும்பமாகப் பார்க்க இது போதும். திரைப்பட வட்டுகளின் பூட்டை உடைத்துப் பிரதி எடுப்பது வேறு விஷயம். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கில் அதைச் செய்வதைக் குற்றமாக்குகிறது.

மிஞ்சுவது வட்டு. தீவுக்கு அதுவே மிகப் பொருத்தம் என்பது என் முடிவு. ஸ்ட்ரீமிங்கில் 4கே படம் வினாடிக்கு 15 மெகாபிட் அளவில் வருகிறது என்றால் இரண்டு மணி நேரப் படம் 13.5 ஜிபி. 4கே ப்ளூரே வட்டு 100 ஜிபி வரை கொள்ளும், வினாடிக்கு நூறு மெகாபிட்டைத் தாண்டியும் தரும். இருட்டுக் காட்சிகளிலும் கடல் அலை நுரையிலும் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். வட்டு ஒருமுறை கப்பலேறி வந்துவிட்டால் பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் பார்த்து முடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். மண்டலக் குறியை மட்டும் கவனிக்க வேண்டும். டிவிடியில் இந்தியா 5-ஆம் மண்டலம், ப்ளூரேயில் சி மண்டலம். சிங்கப்பூரிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் ப்ளூரே ஏ மண்டலமாக இருந்து ஓடாமல் போகலாம். 4கே ப்ளூரேவுக்கு மண்டலத் தடை கிடையாது.

தகரக் கூரையும் நடு ஸ்பீக்கரும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தீவின் கரையோர ஊர்கள் உள்ளே தள்ளி மறுபடி கட்டப்பட்டன. தகடு வேய்ந்த கூரைகள் பல. மே முதல் டிசம்பர் வரை நீளும் மழை அந்தக் கூரையில் இறங்கும்போது வசனம் கேட்காது. ஒலியைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் குழந்தை பயந்து எழுந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த டால்பி அட்மாஸ் சுற்றொலி தேவையில்லை. தேவை இரண்டு: தரமான நடு ஸ்பீக்கர், அதோடு உச்ச ஒலியையும் மெல்லொலியையும் நெருக்கிக் கொண்டுவரும் இரவு முறை. 5.1 அமைப்பில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை மட்டும் சில டெசிபல் உயர்த்தும் வசதி எல்லா ரிசீவரிலும் உண்டு, நல்ல சவுண்ட்பார்களிலும் உண்டு. பணமிருந்தால் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் அந்த ஒன்றை உயர்த்துங்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது ஓசையைவிடப் பொருளைப் பார்க்க வேண்டிய ஊர் இது. காகிதக் கூம்பு ஈரத்தில் தளரும். நுரை விளிம்பு உதிரும். எம்டிஎஃப் பெட்டியின் மூலைகள் ஊதி வெடிக்கும். பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதைக் கேட்டு வாங்கினால் பல ஆண்டுகள் தாங்கும். தூண்கள் மேல் நிற்கும் மரத்தள வீட்டில் சப்வூஃபரை நேரே தரையில் வைத்தால் தளம் முழுவதும் அதிரும். கனமான ரப்பர் பாய் ஒன்றை அடியில் போட்டால் பாஸ் ஒலி தெளிவாகிவிடும்.

கையில் பழைய ரிசீவர் இருக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். 2020-ல் புதிதாக வந்த எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்களே எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் 4கே 120 ஹெர்ட்ஸைக் கடத்த முடியாமல் தடுமாறிய கதை உண்டு. கன்சோலை நேராக டிவியில் செருகி, டிவியிலிருந்து இஏஆர்சி வழியாக ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது இந்தச் சிக்கலை முழுவதும் தவிர்க்கும். ரிசீவரில் அந்த வசதி இல்லாவிட்டால் டிவியின் ஆப்டிக்கல் முனை போதும். டால்பி டிஜிட்டல் 5.1 வந்துவிடும். பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸிலும் ஆப்டிக்கல் முனையை எடுத்துவிட்டார்கள் என்பதால் டிவி வழியே போவதுதான் வழி. கேபிளுக்கும் பயப்பட வேண்டாம். படம் வினாடிக்கு 24 சட்டங்கள்தான். 4கே எச்டிஆர் படத்துக்கு 18 கிகாபிட் கேபிள் தாராளம். 48 கிகாபிட் கேபிள் 120 ஹெர்ட்ஸ் விளையாட்டுக்கு.

அட்மாஸ் வேண்டுவோர் அறிய: பிளேஸ்டேஷன் 5 வட்டிலுள்ள அட்மாஸை ஆரம்பத்திலிருந்தே பிட்ஸ்ட்ரீமாக, அதாவது பிரிக்காமல் அப்படியே, வெளியே அனுப்பியது, விளையாட்டுகளுக்கு 2023 செப்டம்பர் புதுப்பிப்பில்தான் அது வந்தது. கன்சோல் அமைப்புகளில் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றாமல் விட்டால் ரிசீவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு அட்மாஸ் போய்ச் சேராது. அதோடு 24 ஹெர்ட்ஸ் வெளியீட்டையும் இயக்கிவிட வேண்டும். இல்லையென்றால் 24 சட்டங்களை 60-க்குள் திணிக்கும்போது கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் துள்ளும். இரண்டுமே காசில்லாத மேம்பாடுகள்.

திரை பற்றிக் கொஞ்சம். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் அறையில் கறுப்பின் ஆழத்தைவிட வெளிச்சமே முக்கியம். பகலில் பார்ப்பவருக்கு வெளிச்சம் மிகுந்த எல்இடி திரை ஓஎல்இடியைவிடப் பொருந்தும். நிக்கோபாரி வீட்டில் துஹேத் என்னும் கூட்டுக் குடும்பம் சேர்ந்து உட்காரும்போது பக்கவாட்டில் இருப்பவர்களும் நிறம் வெளுக்காமல் பார்க்க வேண்டும். அதனால் ஐபிஎஸ் வகைத் திரை நல்லது. புரொஜெக்டர் ஆசை எழலாம். ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை, இரவில் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் இரண்டையும் நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆக எதைச் செய்வது?

வீட்டில் கன்சோலே இல்லை, படம் பார்க்க மட்டும் வேண்டும் என்பவர் கன்சோல் வாங்கக் கூடாது. 2024 ஏப்ரலில் மெலிந்த பிளேஸ்டேஷன் 5 வட்டு மாதிரி இங்கே 54,990 ரூபாய்க்கு வந்தது. அந்தப் பணத்துக்கு ஒரு ப்ளூரே பிளேயர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், நல்ல ஒலி, யுபிஎஸ் நான்கையும் பார்க்கலாம். நான்கும் சேர்ந்து கன்சோல் அளவுக்கு மின்சாரமும் தின்னாது. பிள்ளைகள் விளையாடவும் வேண்டும் என்றால் வட்டு உள்ள மாதிரியை மட்டும் வாங்குங்கள். டிஜிட்டல் மாதிரியில் மிச்சமாகும் பணம் தீவில் மிச்சமே அல்ல. இணைப்பு நிற்கும் முதல் வாரத்திலேயே அது தெரிந்துவிடும். ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 4 அல்லது எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் இருப்பவர் அடுத்ததற்கு மாற அவசரப்பட வேண்டாம். முதலில் யுபிஎஸ்ஸும் சர்ஜ் புரொடெக்டரும், பிறகு நடு ஸ்பீக்கர், பிறகு வட்டுகள், பிறகு டிவி. புதிய கன்சோல் கடைசி.

மாற்றலாகித் தீவை விட்டுப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓடுகிற கன்சோலையும் வட்டுகளையும் அங்கே இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஓடாததையும் ஊதிய பேட்டரியையும் தீவில் எறிந்துவிடாமல் உங்களோடு கப்பலில் எடுத்துச் சென்று பெருநிலத்தில் மின்கழிவு வாங்குபவரிடம் சேருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி ஓடாத கருவியை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அதைத் தீவிலிருந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும் நம்மை விட்டால் ஆளில்லை.